காலதர்

உயிர் வாழ்வார் யாவர்க்கும் இன்றியமையாதனவாய் அமைந்தவை உணவும் நீரும் காற்றும் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவின்றிப் பல நாளும் நீரின்றிச் சில நாளும் ஒருவன் உயிர் தரித்திருத்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்களும் தரித்தல் இயலாது. அங்ஙனமிருந்தும், உண்ணும் சோற்றிற் கல் உளதோ என ஆராய்கின்றோம். பருகும் நீரைக் காய்ச்சியும் வடித்தும் கொள்கின்றோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை உள்ளே இழுக்கும் காற்றை மட்டும் எத்தகையதென ஒருகாலும் எண்ணிப் பார்க்கின்றோமில்லை. அக்காற்றும் பெரும்பாலும் வெளிக்காற்றன்று. வீட்டின் அறையிலும் வகுப்பிலும் விடுதியிலும் பலர் விட்ட மூச்சோடு கலந்து நிற்கும் உட்காற்றேயாம்.

அவ்வுட்காற்றையும், அறையிலுள்ள பொருள்களையும், மருந்துநீர்களின் துணையின்றித் தூய்மை செய்தற்குரிய வழிகள் யாவை? அவ்வழிகள் கைக்கெட்டும் அளவில் இருந்தும் நம்மவர் பலர் அவற்றை மேற்கொள்ளாமைக்குக் காரணம் யாது? இவ்விரண்டு வினாக்களுக்கும் யாம் கண்டும் கற்றும் அறிந்த அளவில் விடை கூறப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பார் உளராயின், அவர் பொருட்டு ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவாம்.

சிலப்பதிகாரத்திற் காலதர் என்றொரு சொல் வழங்குகின்றது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர் எனப்பட்டது. புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்கள் மானின் கண்ணையொத்த வடிவின என்பர் இளங்கோவடிகள். இன்று வீடுதோறும் வழங்கும் சன்னல் என்னும் சொல் போர்த்துக்கேசியர் கொணர்ந்த ஜனேலா என்பதன் திரிபு. ஆங்கிலத்து விண்டோ என்னும் சொல்லோ, வட ஐரோப்பியப் பழமொழிகளுள் ஒன்றாகிய நார்சு மொழியிற் காற்றின் கண் என்று பொருள்படும் சொல்லினின்றும் பிறந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவேறு மக்கள், சுவரில் விட்ட ஒரு திறப்புக்குக் காற்றை முன்னிட்டே பெயர் வைத்தனர் என்பது எண்ணத்தக்கது. கண்ணாடி பதித்து, திரை தொங்கவிட்டு, குளிர்பதனக் கருவியின் பொருட்டு இறுக அடைத்து வைக்கும் இக்காலத்தில் அத்திறப்பு வெளிச்சத்திற்கும் அழகிற்கும் மட்டுமே உரியதாய் நின்றுவிட்டது. பெயர் நிற்கின்றது, பொருள் போயிற்று.

அப்பொருளை எமக்கு உணர்த்தியது நூலன்று. எம் இல்லத்தில் நேர்ந்ததொரு நோயேயாம்.

2019ஆம் ஆண்டில் யாம் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்தோம். எம் தந்தையாரின் இளைய தங்கையார் தனியார் பள்ளியொன்றில் ஆசிரியைப் பணி புரிந்துகொண்டு எங்களோடு வாழ்ந்துவந்தார். அவர்க்குத் திருமணப் பேச்சு நடந்துவந்த காலம் அது. அவ்வாண்டு ஆடித் திங்களில் அவர்க்கு இருமல் கண்டது. இரண்டு வாரமாகியும் தணியவில்லை. மாலைதோறும் சிறு காய்ச்சலும், இரவில் வேர்வையும், நாளுக்குநாள் உடல் மெலிவும் உடன் தோன்றின. அரசு மருத்துவமனையிற் சளியை ஆராய்ந்து காசநோய் என்றனர். முன்னோர் என்புருக்கி என்றும் கயநோய் என்றும் வழங்கியதும் இந்நோயையே.

அன்று மாலையே எம் பாட்டியார் அத்தையாரின் அறைக்குச் சென்று தெருப்பக்கத்துச் சன்னலை அடைத்தார். அடைத்த கதவின்மேல் ஒரு கம்பளியையும் தொங்கவிட்டார். இருமல் ஒலி தெருவிற் கேளாதிருத்தற் பொருட்டே அங்ஙனம் செய்தார். கிணற்றுப் பக்கத்துச் சன்னலும், அவ்வழியே நீரெடுக்க வருவார்க்கு அஞ்சி, அடைக்கப்பட்டது. அத்தையார்க்கெனத் தட்டும் குவளையும் வேறாக ஒதுக்கப்பட்டன. அவர் கட்டிய சேலையை எவரும் தொடலாகாது என்று விதிக்கப்பட்டது. பொழுது சாய்ந்ததும் அவ்வறையிற் சாம்பிராணிப் புகை நிறைக்கப்பட்டது. புகை மிகுந்தோறும் இருமலும் மிகுந்தது. அத்தையாரை விட்டுப் பிரிந்து உறங்கி அறியாத எம் இளைய தம்பி, அப்பொழுது நான்கு வயதினன், இரவுதோறும் அழுது அவ்வறைக்குள்ளேயே சென்று உறங்கினான்.

பத்து நாள் கழித்து, நோயாளர் இல்லங்களைக் காண வரும் அரசு நலப்பணியாளர் அம்மையார் ஒருவர் எம் வீட்டிற்கு வந்தார். அறைக்குள் நுழைந்தவர், வாயிலிலேயே ஒரு கணம் நின்றார். பின்னர்ப் பாட்டியாரை நோக்கி, "ஆச்சி, தட்டில் ஒன்றும் இல்லை, சேலையிலும் இல்லை. இந்த அறைக் காற்றில்தான் இருக்கிறது. முதலில் சன்னலைத் திறங்கள்" என்றார். பாட்டியார் குரல் தாழ்த்தி, "திறந்தால் தெருவே கேட்குமே தாயி! நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா?" என்றார். அம்மையார் அதற்கு விடையொன்றும் கூறவில்லை. அத்தையார் ஆறு திங்கள் உட்கொள்ளவேண்டிய மருந்தின் முறையையும், தம்பிக்கு நோய் வாராது காத்தற்குரிய மாத்திரையையும் விளக்கிவிட்டு, கிணற்றுப் பக்கத்துச் சன்னலையேனும் திறக்குமாறு இரந்து கேட்டுச் சென்றார். அது மட்டும் திறக்கப்பட்டது.

அம்மையார் கூறிய உரை எத்துணை உண்மையுடையது என்பதைப் பின்னர்க் கற்றறிந்தோம். காசநோய்க்குக் காரணமாகிய நுண்ணுயிரை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் உலகிற்கு வெளிப்படுத்தினார். அது பரவும் வகை தெளிவுபட மேலும் பல்லாண்டுகள் சென்றன. நோயுற்றார் இருமும்போது வெளிப்படும் சளித்துளிகளுட் பெரியன விரைந்து தரையில் வீழ்கின்றன. மிகச் சிறியனவோ நீர் உலர்ந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு அளவினவாய்ச் சுருங்கி, மணிக்கணக்கிற் காற்றில் மிதக்கின்றன. இதனை 1930களில் ஆராய்ந்து கூறியவர் அமெரிக்க அறிஞர் வில்லியம் வெல்ஸ் ஆவர். அவர்தம் மாணாக்கராகிய ரிச்சர்டு ரைலி என்பார் 1950களின் இறுதியிற் பால்டிமோர் நகரத்து மருத்துவமனையொன்றிற் காசநோயாளர் அறைக்காற்றைக் குழாய் வழியே மேல்மாடத்திலிருந்த கினிப்பன்றிகளின் கூடுகளுக்குச் செலுத்தினார். நோயாளரைக் காணாமலும் தொடாமலும், அவர் விட்ட மூச்சை மட்டும் ஏற்ற அவ்வுயிர்கள் நோயுற்றன. அதே காற்றைப் புற ஊதாக் கதிர் பாய்ச்சி மற்றொரு கூட்டிற்கு அனுப்பியபோது அங்கிருந்தவை நோயுறவில்லை. தட்டிலும் சேலையிலும் இல்லை, காற்றிலேயே உளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதின்று.

இனி, அக்காற்றைத் தூய்மை செய்யும் வழிகளுள் முதலாவது அதனை மாற்றுதலேயாம். அறையின் கொள்ளளவிற்கு ஒத்த புதுக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உட்புகுகின்றதோ அதனையே காற்றுமாற்றத்தின் அளவாகக் கொள்வர். மணிக்கு 6 முறை மாறும் அறையில் மிதக்கும் நுண்துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீங்குதற்கு 46 நிமிடம் வேண்டும். 12 முறை மாறுமாயின் 23 நிமிடம் போதும். ஒரே ஒரு சன்னல் திறந்திருப்பதினும், எதிரெதிரே இரண்டு திறந்திருப்பின் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுதலின் பயன் பன்மடங்காகும். வெளியே சென்ற நுண்ணுயிரோ, எல்லையற்ற காற்றிற் கலந்து செறிவு குன்றி, வெயிலிற் பட்டு அழிகின்றது. ஆதலின் சன்னலைத் திறத்தல் நோயைத் தெருவிற்கு அனுப்புதலாகாது.

பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவில் 8 மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று வியப்பளிப்பது. கதவும் சன்னலும் திறந்த அறைகளிற் காற்று மணிக்கு 28 முறை மாறிற்று. நோயாளரைத் தனித்து வைத்தற்கென இயந்திரத்தாற் காற்றூட்டப்பெற்ற அறைகளிலோ 12 முறையே கணக்கு. ஐம்பது ஆண்டுகட்கு முன் உயர்ந்த கூரையும் அகன்ற சன்னல்களும் வைத்துக் கட்டப்பட்ட பழைய மனைகள் 40 முறையும், தாழ்ந்த கூரையுடைய புதிய மனைகள் 17 முறையும் காற்று மாறப்பெற்றன. நம் நாட்டுப் பழைய வீடுகளின் முற்றமும், தாழ்வாரமும், எதிரெதிர் வாயிலும் வெறும் அழகிற்காக அமைந்தனவல்ல என்பது இதனாற் புலனாகும். நோயாளர்க்குச் செய்யும் தொண்டினைப் பற்றி 1859ஆம் ஆண்டில் நூலெழுதிய பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையாரும், அறைக்காற்றை வெளிக்காற்றைப்போற் தூயதாக வைத்தலையே செவிலியின் முதற்கடனாகக் கூறினர். புகையூட்டலை நம்புதல் தகாதெனவும் எச்சரித்தனர்.

இக்கொள்கையை அடிப்படையாகக் கொண்டே நம் பக்கத்திலும் காசநோய் மனைகள் எழுந்தன. பல திருச்சபைகளின் மிஷன்கள் ஒன்றுகூடி மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் அமைத்த மனை 1915ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து அவர்கள் 1928ஆம் ஆண்டில் அமைத்த மனையின் பெயரால் இன்றும் ஒரு புகைவண்டி நிலையம் சானடோரியம் என்றே வழங்குகின்றது. ஆயினும் ஈண்டு ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தார், நெருக்கமான தம் வீடுகளிலேயே இருந்து மருந்துண்ட நோயாளரும், மனையிற் காற்றும் ஓய்வும் நல்லுணவும் பெற்று மருந்துண்டோரும் ஏறக்குறைய ஒப்ப நலமெய்தினர் என்று 1959ஆம் ஆண்டில் நிலைநாட்டினர். எனவே நோயைத் தீர்ப்பது மருந்தே, காற்றன்று. காற்றின் தொழில் நோயற்றவரைக் காத்தல். தக்க மருந்தை முறையே உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் நோயைப் பரப்பும் ஆற்றல் பெரிதும் குன்றிவிடுகின்றது. அதற்கு முன்னரும், நோய் இன்னதென்று அறியப்படாத நாட்களிலும் திறந்த சன்னலே வீட்டாரின் காவல்.

இரண்டாவது வழி ஒளி. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர், நுண்ணுயிர் வளர்தற்கேற்ற நீர்மத்தைக் குழாய்களிற் பெய்து சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை மூடியும் வைத்தனர். மூடியவை கலங்கின, வெயிலில் நின்றவை தெளிந்தே இருந்தன. ஞாயிற்றின் ஒளிக்குக் கிருமிகளை அழிக்கும் ஆற்றல் உண்டென்பது அன்று மெய்ப்பிக்கப்பெற்றது. நம் இல்லத்துப் பெண்டிர் பாயையும் தலையணையையும் வெயிலில் உலர்த்துதல் இவ்வாற்றலைப் பயன்கொள்ளுதலேயாம். ஆனால் ஒளி பட்ட இடமே தூய்மையுறும். மடிப்பின் உள்ளும் நிழலிலும் அது செல்லாது. சன்னற் கண்ணாடி புற ஊதாக் கதிரின் வலிய பகுதியைத் தடுத்துவிடுதலின், மூடிய கண்ணாடி வழியே வரும் வெயில் திறந்த வெயிலுக்கு நிகராகாது.

அவ்வூதாக் கதிரையே விளக்கில் அமைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. பாதரச ஆவி விளக்கு வெளியிடும், 254 நானோமீட்டர் அலைநீளமுடைய கதிர், நுண்ணுயிரின் மரபுப் பொருளைச் சிதைத்து அது பெருகாவண்ணம் செய்கின்றது. இவ்விளக்கை அறையின் மேற்பகுதியில், தலைக்கு மேலே மட்டும் கதிர் படியுமாறு மறைப்பிட்டு அமைப்பர். காற்று மேலெழுந்து கதிரிற் பட்டுக் கீழிறங்கும். மேற்கூறிய லீமா நகரிலேயே நடந்து 2009ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், விளக்கில்லாத காற்றை ஏற்ற கினிப்பன்றிகளில் நூற்றுக்கு 35 பங்கும், விளக்கிட்ட காற்றை ஏற்றவற்றில் 9.5 பங்குமே தொற்றுற்றன. எனினும் இக்கதிர் கண்ணையும் தோலையும் ஊறுசெய்வது. கடைகளில் விற்கும் கைவிளக்கை வாங்கித் தன் கைமேலும் குழந்தையின் விளையாட்டுப் பொருள்மேலும் அசைத்துக் காட்டுதல் தூய்மையுமாகாது, பாதுகாப்புமாகாது.

மூன்றாவது வழி வெப்பம். இது காற்றினும் பொருள்களுக்கே சிறந்தது. பாலை 63 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைப்பினும், 72 பாகையில் 15 விநாடி வைப்பினும், அதிலுள்ள காசநோய் நுண்ணுயிர் மாய்ந்துவிடும். நாம் பொங்கக் காய்ச்சும் பாலுக்கு அதனினும் மிகுந்த காவல் உண்டு. 1879ஆம் ஆண்டில், பாஸ்டரின் துணைவராகிய சாம்பர்லாந்து நீராவியை அடைத்து அழுத்தத்தில் வைக்கும் கலத்தை அமைத்தார். அதில் 121 பாகையில் 15 நிமிடம் வைத்த அறுவைக் கருவிகள் முற்றும் தூய்மையுறுகின்றன. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் துணிகளை வெள்ளாவியில் அடுக்கி இரவெல்லாம் ஆவியூட்டிய முறையும் இவ்வினத்ததே. அவர்தம் உவர்மண் அழுக்கை நீக்கியது. ஆவி கிருமியை மாய்த்தது. இன்று வெந்நீரும், சூடேறிய தேய்ப்புப் பெட்டியும் வீட்டளவில் அத்தொழிலைச் செய்வன. பலர் கைபடும் கதவுப்பிடி முதலியன செம்பாலும் பித்தளையாலும் அமையின், அவற்றின்மேற் படியும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திற் பெரும்பாலும் அழியும் என்பதை அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழற் காப்பு நிறுவனம் 2008ஆம் ஆண்டில் ஏற்றுப் பதிவுசெய்தது. ஆனால் அழுக்குப் படிந்த செம்பு செம்பன்று. துடைத்தல் எதற்கும் முன்னின்று செய்யத்தக்கது.

நான்காவது வடிகட்டுதல். நீரை வடிகட்டுமாப்போலக் காற்றையும் நெருங்கிய நாரிழைத் தாளினூடே செலுத்தி நுண்துகளைப் பிடிக்கும் கருவிகள் உள்ளன. ஹெபா எனப்படும் சிறந்த வடிதாள், பிடித்தற்கு அரிய 0.3 மைக்ரான் துகள்களிலும் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுப்பது. சன்னல் அற்ற அறைக்கு இது நல்ல துணை. எனினும் மூச்சாற் பெருகிய கரியமில வளியை அது நீக்காது. அறைக்கேற்ற ஆற்றலுடையதாய் இல்லையெனின் பெயரளவிற்கே பயன்படும். ஓசோன் வளியைத் தோற்றுவித்துக் காற்றைத் தூய்மை செய்வதாகக் கூறும் கருவிகளையோ விலக்குதலே தக்கது. கிருமியை அழிக்கும் அளவிற்கு ஓசோன் மிகுமாயின் அது நுரையீரலையும் புண்படுத்தும். மருந்துநீர் வேண்டாவென்று விலக்கி, நச்சுவளியை வரவேற்றல் அறிவுடைமையாகாது. சாம்பிராணிப் புகையும் மணம் தருவதன்றித் தூய்மை தருவதன்று. மெலிந்த நுரையீரலுக்கு எப்புகையும் சுமையே.

இவ்வழிகளுள் விளக்கிற்கும் வடிதாளுக்கும் பொருள் வேண்டும். காற்றிற்கும் வெயிலுக்கும் ஒரு காசும் வேண்டுவதில்லை. அங்ஙனமாகவும் காற்றின் வழி எம் இல்லத்தில் ஏன் அடைபட்டது? வறுமையால் அன்று; அறியாமையாலும் முழுவதும் அன்று. அம்மையார் அறிவுறுத்திய பின்னரும் தெருப்பக்கத்துச் சன்னல் அடைபட்டே கிடந்ததன்றோ?

அது திறந்த வகையையும் கூறுவாம். மருந்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில், எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் ஒரு கூடையில் முட்டையும் முருங்கைக்கீரையும் கொண்டு எம் வீட்டிற்கு வந்தார். பாட்டியார் வாயிலிலேயே நின்று, "அவளுக்குச் சளிக்காய்ச்சல்தான்" என்றார். வந்தவர் கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "மதினி, அந்த மாத்திரைப் பெட்டியை நான் அறிவேன். என் மகனும் போன வருடம் ஆறு மாதம் அதைத்தான் விழுங்கினான். எங்கள் வீட்டுச் சன்னலும் அப்போது அடைத்தேதான் கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்" என்றார். பாட்டியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இருவரும் திண்ணையில் அமர்ந்திருந்தனர்.

பத்தடி அகலமுள்ள ஒரு தெருவின் இருபுறத்திலும், ஓராண்டு இடைவெளியில், ஒரே நோயை ஒருவர்க்கொருவர் மறைத்தற்பொருட்டு இரண்டு சன்னல்கள் அடைபட்டன. இருவீட்டாரும் அஞ்சியது நோய்க்கன்று. எதிர்வீட்டின் கண்ணுக்கும் நாவிற்குமே. மறுநாட் காலை யாம் எழுந்தபோது அத்தையாரின் அறையிற் கம்பளி இல்லை. சன்னல் இரு கதவும் அகலத் திறந்திருந்தது. தட்டும் குவளையும் அடுக்களையில் ஏனையவற்றோடு இருந்தன.

அத்தையார் ஆறு திங்களும் தவறாது மருந்துண்டு 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றும் நலமெய்தினார். தம்பிக்கு நோய் வரவில்லை. திருமணம் பேசிவந்த இடத்தார் மீண்டும் வரவில்லை. அதைப்பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. அத்தையார் இன்றும் ஆசிரியைப் பணியே புரிகின்றார். வகுப்பிற்குள் நுழைந்ததும் அவர் முதலிற் செய்வது சன்னல்களைத் திறத்தல் என்பதை அவரிடம் பயிலும் பிள்ளைகள் வாயிலாக அறிந்தோம்.

அவர் நலம்பெற்ற அதே ஆண்டில் உலகெங்கும் கொரோனாப் பெருநோய் பரவிற்று. அப்பொழுதும் இதே காட்சியைப் பேரளவிற் கண்டோம். தெருக்களில் மருந்துநீர் இறைக்கப்பட்டது. சில இடங்களில் மக்கள்மீதே தெளிக்கப்பட்டது. தெருவில் இறைத்தலாற் பயனின்று, மக்கள்மீது தெளித்தல் தீங்கென உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் அறிவித்தது. வாங்கிவந்த காய்கறியைப் பன்முறை கழுவியோர் பலர், அடைத்த அறையிற் பலரோடு அமர்ந்து மூச்சுவிடுதலைப் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளின்மேல் ஐயமும், கண்ணுக்குத் தெரியாக் காற்றின்மேல் நம்பிக்கையும் வைத்தல் மக்கள் இயல்பு போலும். நோயுற்றோர் வீட்டிற்கு அடையாளம் இட்டு, அவ்வீட்டாரைக் கண்டு விலகிய ஊர்களும் உண்டு. எவ்விடத்து நாணம் மிகுந்ததோ அவ்விடத்து நோய் மறைக்கப்பட்டது; மறைக்கப்பட்ட நோய் அடைபட்ட அறையிற் பெருகிற்று.

காசநோய் இன்னும் ஒழிந்தபாடில்லை. 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் பேர் அதனாற் பற்றப்பட்டனர். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். நோயுற்றாருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நம் நாட்டினர். ஆதலின் இஃது எங்கோ உள்ளார்க்கு உரைக்கும் உரையன்று. நம் விடுதியறைக்கும் வகுப்பிற்கும் உரியதே.

மாணவத் தோழர்காள்! நால்வர் உறங்கும் விடுதியறையின் சன்னலைக் கொசுவிற்கு அஞ்சி அடைக்கின்றோம். கொசுவலையை அச்சன்னலில் அடித்துவிட்டால் கொசு நிற்கும், காற்று வரும். கொசுவர்த்திப் புகையை இரவெல்லாம் முகர்தலினும் அது நன்று. தேர்வுக் காலத்தில் ஒரே அறையிற் பலர் கூடிப் படிக்கும்போது எதிரெதிர்ச் சன்னல்களிரண்டைத் திறந்து வைப்பின், தலைச்சுமையும் தூக்கமும்கூடக் குறையும். கிழமைக்கு ஒருநாள் பாயையும் போர்வையையும் மொட்டைமாடியில் உச்சிவெயிலில் விரித்தல் எவர்க்கும் அரியதன்று. இவை சிறு செயல்கள்; இன்றே செய்யத்தக்கவை.

இவற்றினும் அரிய செயல் ஒன்றுண்டு. இரண்டு வாரத்திற்குமேல் இருமும் தோழன் ஒருவன் நம்மிடையே இருப்பின், அவன் நோயைச் சொல்லுதற்கு அஞ்சாவண்ணம் நாம் நடந்துகொள்ளுதலே அது. அவன் தட்டை ஒதுக்காமலும், அவனைக் குறித்து மறைவிற் பேசாமலும், மருத்துவமனைக்கு உடன் செல்லுதல் நம் கடன். ஒருவர் வீட்டுச் சன்னலை அவர் உள்ளிருந்து திறத்தல் கூடும். ஆயின் திறக்கவொட்டாது வெளியே நின்று தடுப்பது பெரும்பாலும் நம் பார்வையும் பேச்சுமேயாம். அத்தடை நீங்குமாயின், காலதர் என்னும் சொல்லுக்கு அதன் பழம்பொருள் மீளும். காற்றும் கதிரும் தம் தொழிலைத் தாமே செய்துகொள்ளும்.